நாற்பதுக்கு முன்னால் ஒரு கோடு

தெருவில் அவளைக் காதுக்காரி என்றுதான் சொல்வார்கள். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தி, அளவு சரிசெய்து கொடுக்கும் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி மேசை, பின்னால் சுவரெல்லாம் பஞ்சு அடித்த ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்க" என்று கதவைச் சாத்திவிட்டால், வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களுக்குக் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, வீட்டுல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். மெல்லிய சத்தத்தை மட்டும் தூக்கிவிட்டு, பெரிய சத்தத்தைத் தொடாமல் விட்டு, "ஒண்ணும் பெருசா பண்ணல, லேசா தட்டி விட்டிருக்கேன்" என்பாள். உண்மையில் நிறையவே செய்திருப்பாள். சொன்னால் மனிதர் கருவியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆளுக்குத் தெரியாமல் ஆளுக்கு நல்லது செய்வது அவளுக்குக் கைவந்த கலை. அது நல்ல குணம்தானா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வயது நாற்பத்து நாலு. கல்யாணமாகி நாலே வருடத்தில் முறிந்து, ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அன்று வாசலில் நின்ற அப்பா எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பாப்பா, உன் ரூம்ல இறக்கை காயுது. ரெண்டு நாள் ஹால்ல படுத்துக்கிறியா" என்றார். அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் ஊரைக் கூட்டி அழுதிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்காக அவள் எதுவும் செய்வாள். இன்றைக்கும் அவருக்கு அவள் பாப்பாதான்.

காய்ந்துகொண்டிருந்தது பொம்மை விமானத்தின் இறக்கை. பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் தப்பியதில்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், முப்பத்தோரு வருடம். ஆறு மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கூண்டில் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல், கால்களுக்கு நடுவே கீழே பார்வை. இருபது டன் பெட்டியை லாரியின் முதுகில் இறக்குவார். லாரி டிரைவர் கையில் இருக்கும் டீ சிந்தாது. இது அவரே சொல்லிக்கொள்வதுதான், ஆனால் துறைமுகத்தில் யாரும் மறுத்ததில்லை. கம்பி இழுபடுவதைப் பார்த்தே, பெட்டியின் எடை என்று காகிதத்தில் எழுதியிருப்பது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது விரல்கள் மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்றன. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் மிளகுத்தூள் டப்பாவையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துச் சகிக்காமல் அம்மாதான் போய், ரேடியோவில் பறக்கும் விமானம் ஒன்றுக்கான கட்டைகளும் டிரான்ஸ்மிட்டரும் அடங்கிய பெட்டியை வாங்கி வந்தாள்.

அதை ரிமோட் என்று சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரிமோட் டிவிக்கு. இது டிரான்ஸ்மிட்டர்." இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு ஸ்டிக்கை அசைக்க வேண்டும். தள்ளினால் வானத்தில் இறக்கையின் மடல் திரும்பும், விமானம் சாயும். சின்ன கிரேன்தான், கம்பி மட்டும் இல்லை.

முதல் விமானம் நாலு மாதத்தில் தயாரானது. இறக்கைக்கு மஞ்சள் பிளாஸ்டிக் தாளை விரித்து, துணி தேய்க்கும் பெட்டியால் சூடு காட்டி இழுத்து ஒட்ட வேண்டும். அப்பா இரண்டு தரம் முயன்று, இறக்கையைக் கிழவன் கன்னம் மாதிரி சுருங்க வைத்தார். "நகருங்க, தேய்க்கிறது என் வேலை" என்று அம்மா தேய்ப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இழுத்துப் பிடித்துத் தேய்த்ததில் இறக்கை முட்டை ஓடு போல வழவழப்பாக வந்தது. இடது இறக்கையின் நுனியில் மட்டும், நடுவில் போன் வந்ததால், ஒரு கொப்புளம் நின்றுவிட்டது. விமானம் இடப்பக்கம் லேசாக இழுக்கும்போதெல்லாம் அப்பா அம்மாவைப் பார்த்து, "உன் தங்கச்சி போன் பண்ணினாளே, அதான்" என்பார். ஒன்பது வருடம் இதே கேலி. அம்மாவும் ஒன்பது வருடம் முதல் தடவை கேட்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்னால் இருக்கும் சிமெண்டுத் திடலில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அங்கே அப்பாவுக்குப் பெயர் கிரேன். எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பெயர் பேட்டரி. பை நிறைய பேட்டரி கொண்டுவருவதால் அல்ல, வாய் ஒருபோதும் தீராததால்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. முதலில் கண்டுபிடித்தது தேநீர்க் கோப்பை. சாசரில் வைக்கும்போது கடகடவென்று தந்தி அடித்தது. அப்பா மறுநாளே சாசரை ஒழித்துவிட்டு, பெரிய பீங்கான் குவளைக்கு மாறிவிட்டார். டாக்டர் வயசுக்கு வருகிற நடுக்கம்தான் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர நடுக்கத்தைத் தொடவில்லை. அப்பா அதை நிறுத்திவிட்டு ஒரு ரப்பர் பந்து வாங்கினார். காலையில் நூறு தரம், மாலையில் நூறு தரம் பிசைவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் விமானம் இறங்கும்போது தலையை ஆட்டி ஆட்டி, ஒரு முழம் உயரத்தில் கவிழப்போய்த் தப்பியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் கேட்டாள்.

"கடையில காதுக்கு ஏத்தி இறக்கிக் குடுக்கிறியே, அதுமாதிரி இந்தக் கருமத்துல ஒண்ணும் கிடையாதா?"

இருந்தது. இதை விளக்கினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் இது தெரியாமல் மிச்சம் புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு மடல் அசையும், அதுதான் சாதாரணம். எக்ஸ்போ என்று ஓர் எண் உண்டு. அது சைபராக இருந்தால் இந்த நேர்க் கணக்கு. அதை ஏற்ற ஏற்ற, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது விரல் கொஞ்சம் உதறினாலும் விமானம் கண்டுகொள்ளாது. கடைசிவரை தள்ளினால் மட்டும் முன்போலவே முழுசாகத் திரும்பும். நடுங்கும் விரலுக்கென்றே செய்த மாதிரி ஓர் ஏற்பாடு.

அப்பாவுக்கு அது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வெறுத்தார். "அதெல்லாம் பழகுற பசங்களுக்கு. கிரேன்ல எக்ஸ்போ இருந்துதா? நாம எவ்வளவு அசைஞ்சமோ அவ்வளவு அது அசையணும். அதுல பொய் கூடாது. என்னுது சைபர்." திடலில் புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் டிரான்ஸ்மிட்டரின் சின்னத் திரையைப் படிக்க அவருக்குக் கண் ஒத்துழைக்காது. முதல் நாளிலிருந்தே எண்களைப் போட்டுக் கொடுப்பது மகள்தான்.

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது அவள் பத்து வைத்தாள். அம்மா பக்கத்தில் நின்று பட்டாணி உரித்தபடி காவல் காத்தாள். மறுநாள் விமானம் தலையாட்டாமல் இறங்கியது. "இன்னிக்குக் காத்து நல்லா இருந்துது" என்றார் அப்பா. இரண்டு மாதம் கழித்து இருபது. அப்போது காற்றை விட்டுவிட்டு ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டார். "பந்துதான். தினம் இருநூறு. டாக்டருக்கு என்ன தெரியும்." எதிர்வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அவருக்குக்கூட ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தாயும் மகளும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து ஓய்ந்த ஒரு மாதத்தில், "திடலுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்றாள். மடக்கு நாற்காலியில், வெயிலிலும் போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தின நாள்தான் மகள் எண்ணை முப்பதாக்கியிருந்தாள். அப்பா ஒரே ஒரு வட்டம் அடித்துவிட்டு விமானத்தை இறக்கினார். அது சிமெண்டைத் தொட்டு, உருண்டு, வேகம் தணிந்து, அம்மாவின் காலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. அம்மா போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தட்டினாள். எலும்பும் தோலுமான கை. சத்தமே வரவில்லை.

அன்று காரில் ஏற்றிவிடும்போது மகளின் காதருகே, "எவ்வளவு வெச்ச?" என்றாள்.

"முப்பது."

"நல்லா இருந்துது" என்றாள் அம்மா.

பதினேழு நாளில் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அப்பா எல்லோரிடமும் சொன்னது அந்த இறக்கத்தைப் பற்றித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். "கால்கிட்ட கொண்டுபோய் நிறுத்தினேன். அவ கை தட்டினா. ஜன்மத்துக்கு அது போதும்." திடலில் பேட்டரி அதைக் குறைந்தது இருபது தரம் கேட்டிருப்பார். அந்த வாயாடி மனிதர் அப்போது மட்டும் குறுக்கே பேசியதில்லை. மகள் எண்ணை நாற்பதாக்கினாள். ஒன்றரை வருடம் அந்த நாற்பதில் ஓடியது.

இந்த வருடம் பழைய டிரான்ஸ்மிட்டரின் வலது ஸ்டிக் சோம்பிவிட்டது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, விட்டால் நடுவுக்குத் திரும்பாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், பாகம் கிடைக்கவில்லை. அவள் வேறொரு கம்பெனியின் புது டிரான்ஸ்மிட்டர் வாங்கி, விமானத்துக்குள் இருக்கும் ரேடியோப் பெட்டியையும் மாற்றினாள். பழையதன் திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, எல்லா எண்ணையும், மாற்றும்போதெல்லாம் அவள் குறித்துவந்த நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் புதியதில் ஏற்றினாள். எக்ஸ்போ: நாற்பது. இரண்டு முறை சரிபார்த்தாள். கடையில் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அளவு மாற்றும்போதும் அப்படித்தான் செய்வாள்.

ஞாயிறு. தரையில் வைத்துச் சோதித்தபோது மடல்கள் சரியான பக்கம் திரும்பின, கடைசிவரை போய்வந்தன. எக்ஸ்போவின் தப்பு தரையில் தெரியாது, ஸ்டிக்கின் நடுவில் ஒளிந்திருக்கும். அப்பா புதியதைக் கையில் வாங்கி, "கனம் இல்லியே, காத்தா இருக்கு" என்று குறைபட்டுக்கொண்டே பறக்கவிட்டார். ஏறும்போதே மூக்கு குதித்தது. அவர் திருத்தினார், அது மறுபக்கம் குதித்தது. விரல் ஒரு நூல் உதறினால் விமானம் ஒரு கஜம் துள்ளியது. பேட்டரியின் வாய்கூட ஓய்ந்துவிட்டது. "என்ன இது, என்ன இது" என்று அப்பா மெல்ல முனகிக்கொண்டே இருந்தார். கட்டைவிரல்கள் ஸ்டிக்கின் மேல் படபடத்தன. விமானம் வலப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, திடலின் கோடியில் தலைகுப்புற விழுந்தது. தூரத்திலிருந்து கேட்டது முட்டை அட்டை தரையில் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான்.

அப்பா டிரான்ஸ்மிட்டரை மகள் கையில் கொடுத்தார். தானே போய் ஒரு சாக்கில் எல்லாவற்றையும் பொறுக்கினார். யாரையும் கிட்டே விடவில்லை. இடது இறக்கையின் நுனி மட்டும், கொப்புளத்தோடு, ஒரு கீறல் இல்லாமல் கிடைத்தது. அதை வீட்டில் அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "அவ போர்த்தின இறக்கை. என் கையாலயே உடைச்சுட்டேன்" என்றார். ரப்பர் பந்து செருப்பு அலமாரிக்குப் போனது.

அன்று அவள் மனதில் ஓடியது என்ன தெரியுமா? ஐம்பது வைத்திருக்க வேண்டும், கஞ்சத்தனம் பண்ணிவிட்டோம் என்பதுதான். பாவம்.

ஒரு விமானம் போனால் இன்னொன்று என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அப்பா விமானத்தோடு நிறுத்தவில்லை, கையையே விட்டுவிட்டார். குவளையில் பாதி தேநீர் போதும் என்றார். ரொட்டியை அவள்தான் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. சவரம் செய்ய ஆளை வீட்டுக்கு வரச்சொன்னார். சாவியை நீட்டினால், "நீயே திற" என்பார். இரண்டு கையையும் மடியில் கவிழ்த்துப்போட்டு, வேறு யாருடையதையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன மாதிரி உட்கார்ந்திருப்பார். "இந்தக் கைய இனிமே நம்பக் கூடாது, பாப்பா."

மூன்றாம் வாரம் பேட்டரி வந்தார். அப்பா அறையை விட்டு வரவில்லை. பேட்டரியிடமும் அதே கம்பெனி டிரான்ஸ்மிட்டர்தான். மேசைமேல் இருந்த அப்பாவுடையதைச் சும்மா கையில் எடுத்துத் திரையில் பக்கங்களைப் புரட்டியவர் நின்றார்.

"எக்ஸ்போ நாப்பதா? கிரேன் சைபர்ல இல்ல ஓட்டுறார்?"

அவள் அப்பாவின் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டரி முகத்தில் ஈயாடவில்லை.

"அது இருக்கட்டும், தங்கச்சி. முன்னாடி கோடு எங்க?"

"என்ன கோடு?"

"மைனஸ். இந்தக் கம்பெனியில மைனஸ் நாப்பது போட்டாத்தான் நடுவுல மெதுவாகும். வெறும் நாப்பது போட்டா நடுவுலதான் துள்ளும். பழைய கம்பெனி இதுக்குத் தலைகீழ். நானே புதுசுல இப்படிப் போட்டு ஒண்ணை இடிச்சிருக்கேன்."

அவள் டிரான்ஸ்மிட்டரை வாங்கித் திரையைப் பார்த்தாள். நடுங்கும் கைக்கு அணை கட்டுவதாக நினைத்துக்கொண்டு மடையைத் திறந்துவிட்டிருக்கிறாள். ஒரு சின்னக் கோடு. நல்ல வேளை ஐம்பது வைக்கவில்லை என்றுகூட நினைக்க வழியில்லை, விழுந்தது விழுந்ததுதான்.

"சொல்லிடாத" என்றார் பேட்டரி, கிளம்பும்போது. வாசலில் செருப்பைப் போட்டவர் மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்து சொன்னார். "ஒண்ணைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். அந்த மனுஷன் சைபர்ல ஓட்டினதா நெனச்சுக்கிட்டு இருக்கார். அத எடுத்துட்டா அவர்கிட்ட என்ன இருக்கு?"

அவர் சொன்னதும் சரிதான். சொல்லாவிட்டால், மனைவி போர்த்திய இறக்கையைத் தன் கையால் உடைத்தேன் என்று நினைத்தே மிச்ச நாளைக் கழிப்பார். சொன்னால், உடைத்தது அவர் இல்லை என்று ஆகும். ஆனால் அதற்கு முன்னால் மூன்று வருடம் பறந்ததும் அவர் மட்டும் இல்லை என்று ஆகும். ஒன்பது நாள் அவள் இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். கடையில் ஒரு பெரியவர் கருவியை மாட்டிக்கொண்டு, "இப்ப நல்லா கேக்குது, ஒண்ணும் பண்ணலியே நீ?" என்று கேட்டபோது, வழக்கமான பொய் வாயில் வரவில்லை. "நிறைய பண்ணியிருக்கேன் சார்" என்றாள். பெரியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் மதியம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரல் நீலமாக இருந்தது.

"என்னப்பா இது?"

"பென்ஷன் ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கணுமே."

"அதுக்குக் கையெழுத்துதானே?"

"ரேகை வெச்சிட்டேன்." விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் கேட்டான், கையெழுத்துப் போடத் தெரியாதா தாத்தான்னு. தெரியாதுன்னுட்டேன்."

முப்பத்தோரு வருடம் ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் புது டிரான்ஸ்மிட்டரையும் அந்த நோட்டையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, உட்காராமல் நின்றபடியே சொன்னாள். கோட்டிலிருந்து தொடங்கினாள்.

"விமானத்தை நீங்க இடிக்கலப்பா. நான்தான். இதுல ஒரு மைனஸ் போட்டிருக்கணும், போடாம விட்டுட்டேன். யார் ஓட்டியிருந்தாலும் அது விழுந்திருக்கும். பேட்டரி வந்து பாத்துட்டுச் சொன்னார்."

அப்பா நிமிர்ந்தார். "என் கை இல்லியா?"

"இல்லப்பா."

"நெசமா?"

"நெசமா."

அவர் மடியிலிருந்து இரண்டு கையையும் தூக்கி மேசைமேல் வைத்தார். நாலு வாரத்தில் முதல் தடவையாக முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதான பாத்தேன். நான் பிடிச்சா அது கேட்டிருக்குமே" என்றார். அந்த ஒரு நிமிடம் அவள் மனம் குளிர்ந்துபோனாள். இத்தோடு விட்டுவிட மாட்டாரா என்று ஏங்கினாள்.

"மைனஸ் எதுல போடணும்?" என்றார் அப்பா.

அவள் மேசையில் இருந்த நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"எதுல, பாப்பா? எக்ஸ்போவுலயா? என்னுது சைபர்தான?"

அவள் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது. ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிவைத்திருந்தாள், கடைப் பழக்கம். அப்பா கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். அவருடையது கிடைக்கவில்லை. கொப்புளத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் கண்ணாடியையே எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் படித்தார். நீல ரேகை காகிதத்தில் லேசாக ஒட்டியது.

"அப்ப பந்து ஒண்ணும் பண்ணல" என்றார்.

"அப்பா."

"சைபர் போட்டுக் காட்டு."

அவள் போட்டாள். டிரான்ஸ்மிட்டரின் திரையில், ஸ்டிக்கை அசைத்தால் மடல் எவ்வளவு அசையும் என்று காட்டும் ஒரு கோடு உண்டு. அப்பா கட்டைவிரலை வைத்ததும் அது படபடவென்று ஆடியது. "இப்ப அந்த நாப்பது. மைனஸோட" என்றார். போட்டாள். அதே விரல், அதே நடுக்கம். கோடு அசையாமல் நின்றது. "மறுபடியும் சைபர்." ஆடியது. துறைமுகத்தில் ஒரு சாமானைச் சந்தேகத்தோடு தூக்கிப் பார்ப்பதுபோல நாலைந்து முறை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். கடைசியில் சைபரிலேயே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கால்கிட்ட கொண்டுபோய் நிறுத்தினேனே. அன்னிக்கு எவ்வளவு?"

"முப்பதுப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அன்று அதுவரை அவள் எதையும் மறைக்கவில்லை. இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று உள்ளேயிருந்து டிரான்ஸ்மிட்டரை எடுத்துவரும்போதே தீர்மானித்திருந்தாள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் அந்தக் கைதட்டலும் போய்விடும். அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"தெரியாதுப்பா" என்றாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

அப்பா இப்போது அவளைப் பார்த்தார். ஆறு மாடி உயரத்திலிருந்து கம்பி இழுபடுவதைப் பார்த்து எடை சொன்ன கண்கள் அவை. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடுபட்டாள், முடியவில்லை.

"உங்கம்மாவைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பா" என்றார்.

கோபம் எதுவும் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அப்பா இடது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். தலைமுடிக்குள் அந்த நடுக்கத்தை அவள் முழுசாக உணர்ந்தாள். வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விடவில்லை.

"அன்னிக்கு அவ தட்டினப்போ சத்தமே வரல, பாப்பா" என்றார் அப்பா. "நான்தான் கேட்ட மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

திரையில் அந்தக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மாற்றப் போகவில்லை.